கல்லில் வெட்டிய பெயர்

பங்குப் பணியில் இருக்கும் குருக்கள் அனைவரும் அறிந்த காட்சி ஒன்று உண்டு. கோடை விடுமுறையில், பெரும்பாலும் ஊர்த் திருவிழாவை ஒட்டி, தொலைநாட்டில் வாழும் ஒரு குடும்பம் பங்குமனை வாயிலில் வந்து நிற்கும். பாட்டனார் பெயர் தெரியும்; பிறந்த ஊர் இதுவே என்பதும் தெரியும்; ஆண்டுதான் தெரியாது. பழைய திருமுழுக்கு ஏட்டைப் பார்க்க இயலுமா எனத் தயங்கிக் கேட்பார்கள். நாமும் அலமாரியைத் திறந்து, தையல் பிரிந்த ஏடுகளை ஒவ்வொன்றாய் எடுத்து, இலத்தீன் மொழியில் சாய்வெழுத்தில் எழுதப்பட்ட வரிகளினூடே விரலை ஓட்டித் தேடித் தருவோம். பெயர் அகப்பட்ட கணத்தில் அவர்கள் முகம் மலர்வதைக் காண வேண்டுமே! ஆயினும் ஒன்றை நாம் பலமுறை கவனித்திருக்கிறோம். பெயரைக் கண்டவர்கள் அதற்கு அடுத்த வரியைப் படிப்பதில்லை. ஞானப்பெற்றோர் எவர், தந்தையின் தொழில் யாது, ஓரத்தில் பின்னாளில் சேர்க்கப்பட்ட குறிப்பு என்ன கூறுகிறது என்று கேட்பவர் அரியர். ஒரு நிழற்படம் எடுத்துக்கொண்டு, கோவிலுக்குக் காணிக்கை செலுத்திவிட்டுப் புறப்பட்டு விடுகிறார்கள்.

மைக்கேல் ஒண்டாச்சி எழுதிய 'ரன்னிங் இன் த ஃபேமிலி' என்னும் ஆங்கில நூலை அண்மையில் மறுமுறை படித்தபோது இக்காட்சியே நம் கண்முன் நின்றது. 1943-இல் கொழும்பில் பிறந்து, 1954-இல் இங்கிலாந்திலிருந்த தாயிடம் சென்று சேர்ந்து, 1962-இல் கனடாவில் குடியேறியவர் ஒண்டாச்சி. 'இங்கிலீஷ் பேஷண்ட்' என்னும் புதினத்துக்காக 1992-இல் புக்கர் பரிசு பெற்றவர் என்ற அளவில் நம் வாசகர் பலர் அவரை அறிந்திருக்கக் கூடும். அதற்குப் பத்தாண்டு முன்பு, 1982-இல் வெளிவந்தது நாம் பேச எடுத்துக்கொண்ட நூல். 1978-இலும் 1980-இலும் இருமுறை அவர் பிறந்த மண்ணுக்குத் திரும்பினார். அத்தைமாரிடமும் உடன்பிறந்தோரிடமும் தந்தையின் பழைய நண்பர்களிடமும் கேட்டுச் சேகரித்தவற்றைக் கொண்டு இதனை எழுதினார்.

ஒரு குணமோ நோயோ தலைமுறைதோறும் குடும்பத்தில் இறங்கி வருவதைச் சொல்லும் ஆங்கில வழக்கே நூலின் தலைப்பு. படித்து முடிக்கையில், ஒண்டாச்சி குடும்பத்தில் அவ்வாறு இறங்கி வந்தவை மதுவும் கதையும் என்று தெரிகிறது. மது தந்தையோடு நின்றது. கதை மகனிடம் வந்து சேர்ந்தது.

வரலாற்று நூல் போல ஆண்டு வரிசையில் இது செல்லவில்லை. ஒரு கனவு, ஒரு பயணக் குறிப்பு, ஒரு புகைப்படம், சில கவிதைகள், பலர் மாறிமாறிப் பேசும் குரல்கள் என்று துண்டு துண்டாய் அமைந்திருக்கிறது. நன்றியுரையில் ஆசிரியரே இதனை வரலாறாகக் கொள்ள வேண்டாம் என்ற பொருளில் எச்சரித்து விடுகிறார். அந்நாட்டில் நன்கு சொல்லப்பட்ட பொய்க்கு உண்மைச் செய்திகளைவிட மதிப்பு அதிகம் என்கிறார். இந்த ஒப்புதல் நேர்மையானது. பிறந்த ஊர் திரும்பிய பலர், கேட்ட கதையையெல்லாம் சான்றாக்கி, தம் குலத்துக்கு ஓர் அரச வழியைக் கண்டுபிடித்து விடுவதை நம்மூரிலேயே பார்க்கிறோமல்லவா? ஒண்டாச்சி அவ்வாறு செய்யவில்லை.

கதைகளின் நாயகர் அவருடைய தந்தை மெர்வின். கேம்பிரிட்ஜில் படிக்கிறார் என்று பெற்றோர் நம்பிக்கொண்டிருக்க, நுழைவுத் தேர்விலேயே தேறாமல் அந்நகரில் அறை எடுத்து இன்பமாகக் காலம் கழித்தவர். இலங்கைக் காலாட்படையில் அதிகாரியாக இருந்தபோது, குடிவெறியில் துப்பாக்கி காட்டி இரயிலைத் தம் வசமாக்கியவர். தயிர்ச்சட்டிகளைச் சப்பானியர் வைத்த வெடிகுண்டுகள் என்று எண்ணி இரயிலிலிருந்து வீசியவர். தாய்வழிப் பாட்டி லல்லாவின் கதையோ இன்னும் வியப்புக்குரியது. நுவரெலியா வெள்ளம் அவரை அடித்துக்கொண்டு போகும் பக்கங்களில் சாவைக்கூட ஓர் உலாவைப் போல எழுதியிருக்கிறார் பேரர்.

இப்பக்கங்களின் நடை மயக்குவது. முதன்முறை படித்தபோது நாமும் வாய்விட்டுச் சிரித்தோம். மறுமுறை அப்படிச் சிரிக்க இயலவில்லை. குடியால் சீரழிந்த இல்லங்களுக்கு இரவு நேரத்தில் அழைக்கப்பட்டுச் சென்று வந்த அனுபவம் நமக்கு நிரம்ப உண்டு. வெளியார் சிரித்துச் சொல்லும் ஒவ்வொரு குடிகாரன் கதைக்கும் பின்னால், விளக்கை அணைக்காமல் வாசலைப் பார்த்திருக்கும் ஒரு பெண் இருப்பாள். ஒண்டாச்சியின் தாய் டோரிஸ் கிரேஷியன் அத்தகைய ஒருவர். மணமுறிவுக்குப் பின் தங்கும் விடுதிகளில் வேலை பார்த்தவர். நூலில் அவருக்குக் கிடைத்த இடம் தந்தைக்குக் கிடைத்ததைவிடக் குறைவே. பின்னாளில் புக்கர் பரிசுப் பணத்தைக் கொண்டு, இலங்கையில் ஆங்கிலத்தில் எழுதுவோருக்காக மகன் நிறுவிய பரிசுக்குத் தாயின் குடும்பப் பெயரையே சூட்டினார். அக்கடன் நூலுக்கு வெளியே தீர்க்கப்பட்டது எனலாம்.

நம்மை நிறுத்திய பகுதி வேறு. கொழும்பில் கடலை நோக்கி நிற்கும் புனித தோமையார் ஆலயத்துக்கு ஆசிரியர் செல்லும் அத்தியாயம் அது. மிகச் சில பக்கங்களே. ஆலயத் தரையில் பதித்த கல்லில் தம் குடும்பப் பெயர் பெரிய எழுத்துகளில் வெட்டப்பட்டிருப்பதை மண்டியிட்டுப் பார்க்கிறார். விரல்நுனியிலிருந்து முழங்கைவரை நீளும் பெயர். அதைக் கண்டபோது தற்பெருமை எழவில்லை, தான் என்பதே கரைந்தது என்ற பொருள்பட எழுதுகிறார். உண்மையான இடம் இது. மற்றொரு கல்லில் நத்தாலியா அசரப்பா என்ற பெண்ணின் பெயர்: பிலிப் யூர்கன் ஒண்டாச்சியின் மனைவி, பிறப்பு 1797, திருமணம் 1812, இறப்பு 1822. பதினைந்தில் மணமாகி இருபத்தைந்தில் மறைந்தவர் என்று கணக்கிட்டுத் திகைக்கிறார். பின்னர்ப் பதிவேடுகள் வருகின்றன. பூச்சி அரித்த தாள்கள். தொட்டால் பொடியும் ஓரங்கள். படித்து முடித்துக் கை கழுவும்போது பழந்தாளின் சாம்பல்நிறத் தூசி நீரோடு வழிந்தோடுவதைக் குறிப்பிடுகிறார். ஏடு புரட்டிய குரு எவரும் அவ்வரிகளைப் படித்ததும் தம் கையைப் பார்த்துக்கொள்வார்.

ஆனால் ஏட்டில் எழுதியிருந்ததை அவர் என்ன செய்தார்? அந்த அத்தியாயத்திலேயே, சைமன் ஒண்டாச்சி என்ற முன்னோர் இலங்கைக் குடியேற்ற அரசின் கடைசித் தமிழ்ச் சிற்றாலயக் குரு என்று ஒரு தொடரில் வருகிறது. ஒரே ஒரு தொடர். அடுத்து, அவரும் உடன்பிறந்தாரும் ஞாயிறுதோறும் வழிபாடு முடிந்து ஒன்றாகக் கூடியதும், பகலுணவுக்கு முன் சண்டையிட்டுக்கொண்டு தத்தம் வண்டியைக் கொண்டுவரச் சொல்லிப் பசித்த பிள்ளைகளோடு திசைக்கொருவராய்ப் பிரிந்ததுமான கதைக்குத் தாவிவிடுகிறது நூல். நல்ல கதைதான், நம் பங்குகளிலும் அப்படிப்பட்ட சகோதரர்கள் உண்டு. ஆயினும், தமிழில் மறையுரை ஆற்றும் பணியை ஏற்றிருந்த ஒரு மூதாதையைக் கண்ட பேரர், அம்மொழியைப் பற்றி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லையே என்ற குறை நம் நெஞ்சில் தங்கிவிட்டது.

அசரப்பா என்பது கொழும்புச் செட்டிகளின் குடும்பப் பெயர்களுள் ஒன்று. தமிழகக் கரையிலிருந்து வணிகத்துக்குச் சென்று அங்கே வேர்பிடித்த சமூகம் அது. அதே கல்லை ஒட்டி ஆசிரியர் எண்ணிப் பார்க்கும் மற்றொரு பெயர் தெ மெல்லோ. அப்பெயர் தாங்கிய பிலிப் தெ மெல்லோ, டச்சுக் காலத்தில் விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் உழைத்த சீர்திருத்த சபைப் போதகர். சைமன் காசிச்செட்டி 1859-இல் தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் தொகுத்தபோது அவரையும் சேர்த்தார். ஒண்டாச்சிக் குடும்பத்தின் முதல்வரைப் பற்றி நூல் சொல்வது இது: 1600-இல் வந்த மருத்துவர், ஆளுநர் மகளின் நோயை ஒரு மூலிகையால் தீர்த்து, நிலமும் அயல்நாட்டு மனைவியும், தம் பெயரின் டச்சு எழுத்து வடிவமும் பரிசாகப் பெற்றவர். கதை அழகாக இருக்கிறது. ஆனால் 1600-இல் இலங்கையில் டச்சு ஆளுநர் எவரும் இல்லை; அவர்களுடைய முதல் தூதர் கரையிறங்கியதே 1602-இல்தான், கொழும்பு அவர்கள் கைக்கு வந்தது 1656-இல். டச்சுப் பறங்கியர் தொகுத்த குலவரிசைகள் 1659 என்கின்றன. தஞ்சாவூரிலிருந்து அழைக்கப்பட்ட மருத்துவர் என்கின்றன. நோயுற்றவர் ஆளுநரின் மனைவி என்கின்றன.

ஐம்பத்தொன்பது ஆண்டு முன்பின் ஆனதால் என்ன என்று வாசகர் கேட்கலாம். ஆண்டு தவறியதில் நமக்கு வழக்கில்லை. தஞ்சாவூர் விடுபட்டதில்தான் வழக்கு. முதல்வர் எங்கிருந்து வந்தார் என்ற கேள்வியை நூல் கேட்கவே இல்லை. அவர் கடலிலிருந்து எழுந்து வந்தவர் போலக் கதை தொடங்குகிறது. டச்சும் சிங்களமும் தமிழும் கலந்து, இன்ன இனம் என்று சுட்ட முடியாத நிலையே தம் குடும்பத்தின் அழகு என்று ஒண்டாச்சி கருதினார் போலும். அக்கருத்தில் ஓர் உயர்வு உண்டு. இனத்தூய்மை பேசியவர்கள் அத்தீவில் என்ன செய்தார்கள் என்பதை நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1983 ஆடி மாதத்தில், உலகம் கண்டது. ஆயினும் கலப்பைப் போற்றுவதற்கு, கலந்தவை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அறிய வேண்டுமென்றே நமக்குத் தோன்றுகிறது.

இன்னொரு மௌனமும் உண்டு. தந்தை தேயிலைத் தோட்டத் துரை. துரைமார் இல்லங்களின் விருந்தும் சீட்டாட்டமும் நூலில் நிறைய உண்டு. கொழுந்து பறித்தவர்களோ தொலைவில் தெரியும் பச்சை நிறத்தோடு கலந்துபோகிறார்கள். கனடாவில் வாழும் திறனாய்வாளர் அருண் முகர்ஜி, பிறந்த மண்ணின் வரலாற்றை ஒண்டாச்சி ஒதுக்கிவிடுகிறார் என்று 1980-களிலேயே கடிந்தார். அக்குற்றச்சாட்டு முழுமையும் சரியன்று. 1971 இளைஞர் கிளர்ச்சி நூலில் இருக்கிறது. துப்பாக்கி கேட்டு வீட்டுக்கு வந்த கிளர்ச்சியாளர் முற்றத்தில் கிரிக்கெட் ஆடிவிட்டுப் போன செய்தியை மறக்க இயலாது. ஆனால் மலையகம் பற்றிய மட்டில் முகர்ஜியார் பக்கமே நாம் நிற்கிறோம்.

இவ்வளவு கண்டிப்புக் காட்டுவதற்கு நமக்குச் சொந்தக் காரணம் உண்டு. அதை மறைத்துக்கொண்டு திறனாய்வு எழுதுவது முறையாகாது. நாம் 1968-இல் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். 1948 குடியுரிமைச் சட்டத்தின்படி, தந்தை இலங்கையில் பிறந்தவரென்றோ, இல்லையேல் பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்தவர்களென்றோ நிறுவ வேண்டியிருந்தது. செக்ரோலில் பேர் இருந்தது. பிறப்புச் சான்று எத்தனை பேரிடம் இருந்தது? நாடு கடந்து மீண்ட இசுரயேலருள் சிலர், குலப்பதிவேட்டில் தம் பெயரைத் தேடிக் காணாமையால் குருத்துவப் பணியினின்று விலக்கப்பட்டதை எஸ்ரா நூலில் படிக்கும்போதெல்லாம் நமக்கு லயத்து முதியவர்களே நினைவுக்கு வருவார்கள். 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தெழுதியது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வதாக ஒத்திவைத்தது. 1974-இல், ஆறு வயதில், பெற்றோர் கைப்பிடித்துத் தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பலேறி இராமேசுவரம் வந்தோம். பிறகு நீலகிரி, அங்கும் தேயிலைதான்.

போர் ஓய்ந்து நான்காண்டு கழித்து, 2013-இல் நாம் பிறந்த இடம் பார்க்கச் சென்றோம். லயம் அப்படியே இருந்தது. நம் காம்பராவில் வேறொரு குடும்பம். வாசலில் இருந்த மூதாட்டி பிளேன்டீ கொடுத்து, "எந்த லயத்துப் புள்ளைங்க சாமி நீங்க?" என்று கேட்டார். தந்தையார் பெயரைச் சொன்னோம். நெடுநேரம் நம் முகத்தையே பார்த்தார். பின்பு பங்குக் கோவிலுக்குச் சென்று ஏட்டைப் பார்த்தோம். நம் பெயர் இருந்தது. குருப்பட்டம் பெற்றால் அச்செய்தியைத் திருமுழுக்குப் பெற்ற பங்கின் ஏட்டில் பதிய வேண்டுமென்பது திருச்சபைச் சட்டம். நம் பட்டம் நிகழ்ந்த நாள், ஊர், ஆயர் பெயர் எல்லாம் ஓரத்தில் நீல மையில் எழுதப்பட்டிருந்தன. போர் நடந்துகொண்டிருந்த ஆண்டில், நாம் ஒருபோதும் கண்டிராத ஒரு குரு அதை எழுதி வைத்திருந்தார். கண்கள் கலங்கின. ஒரு நிழற்படம் எடுத்துக்கொண்டோம். நன்றி கூறிப் புறப்பட்டோம்.

ஊர் திரும்பி அப்படத்தைத் தாயாரிடம் காட்டியபோதுதான் ஞானப்பெற்றோர் பெயர்களைப் படித்தோம். யார் இவர்கள் என்று கேட்டோம். அதே லயத்தில் இரண்டு காம்பரா தள்ளி இருந்தவர்களாம். தாயார் காய்ச்சலாய்க் கிடந்த மூன்று மாதம் நம்மைத் தூக்கி வளர்த்தவர்களாம். அவர்களுக்கு இலங்கைப் பதிவு கிடைத்தது, நமக்கு இந்தியப் பதிவு. 1977 கலவரத்துக்குப் பின் வவுனியாப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி, கடிதம் நின்றுவிட்டது. அந்த மூதாட்டியிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நமக்குக் கேட்கத் தோன்றவில்லை, அடுத்த வரியை அன்று நாமும் படிக்கவில்லை என்பதால்.

ஆகவே ஒண்டாச்சியைக் குறை கூறும் உரிமை நமக்குப் பாதியே உண்டு. தந்தையைத் தேடிச் சென்றவர் தந்தையை மட்டுமே பார்த்தார். தேடிச் செல்பவன் கண் அப்படித்தான் குறுகிப் போகிறது. அவருடைய அண்ணன் கிறிஸ்டபரும் இதே தேடலில் திரும்பியவர். 1992-இல் 'புனானையின் ஆட்கொல்லி' பற்றிய ஆங்கில நூலை வெளியிட்டார். மட்டக்களப்புப் பாதையிலுள்ள புனானையில் மனிதரைக் கொன்றுவந்து, 1924-இல் சுடப்பட்ட சிறுத்தையின் கதையைப் பின்தொடர்ந்து, போர்க்காலத்தில் அக்காட்டு வழியே பயணம் செய்து, இடையிடையே தந்தையின் நினைவோடு வழக்காடுகிறார். தம்பியின் மொழித்திறம் அண்ணனிடம் இல்லை. ஆனால் தந்தையால் குடும்பம் சிதைந்ததைச் சுற்றி வளைக்காமல், கோபம் மாறாமல் சொல்லிவிடுகிறார். ஒரே தந்தையை இரு பிள்ளைகள் எழுதியதை அடுத்தடுத்துப் படிப்பது பயனுள்ள முயற்சி. உயில் வழக்கில் இரு தரப்பும் பங்குமனைக்கு வந்து பேசுவதைக் கேட்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

தம்பியின் நூலில் இறுதியை நெருங்கும்போது சிரிப்பு அடங்கி விடுகிறது. 'தனிக்கம' என்ற சிங்களச் சொல்லைத் தலைப்பாகக் கொண்ட அத்தியாயம் அது; நம் தனிமை என்ற சொல்லின் உறவு காதிலேயே கேட்கிறது. அதில் யாரும் கதை சொல்லவில்லை. அத்தைமார் இல்லை, நண்பர் இல்லை. கேகாலைப் பக்கத்து வீட்டில், இரவில், குடித்துவிட்டுக் குளியலறையில் தனியே அமர்ந்திருக்கிறார் மெர்வின். அவர் படித்துக்கொண்டிருந்த புதினத்தை எறும்புகள் அரித்து, ஒரு தாளை மட்டும் தரையோடு இழுத்துச் செல்கின்றன. 189-ஆம் பக்கம். அவ்வளவு தூரம் அவர் இன்னும் படித்திருக்கவில்லை. ஆயினும் எறும்புகளுக்கே அதை விட்டுவிடுகிறார். அன்றிரவு மகன் அங்கு இல்லை.  எவரும் பார்த்திருக்க முடியாத காட்சி. 1600-க்கும் 1659-க்கும் கணக்குக் கேட்ட நமக்கு இதற்குச் சான்று கேட்கத் தோன்றவில்லை.